முதல் பாட்டுக்குப் பாதியைக் கடன் வாங்குங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பாடுகிறவர்களுக்குக் குறைவே இல்லை. கோயில் திருவிழா மேடை, மாதா கோயில் பாடற்குழு, கல்லூரி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு என்று எங்கே போனாலும் நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையாவது இருக்கும். "சொந்தமா ஒரு பாட்டு போடேன்" என்று கேட்டால் மட்டும் தயங்குகிறார்கள். இளையராஜாவையும் ரகுமானையும் ராப் பாடகர் அறிவையும் கேட்டுக் கேட்டு மனசு நிறைந்திருக்கிறது, நாமும் ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. ஆனால் நோட்டைத் திறந்து உட்கார்ந்தால் வரி வருவதில்லை. வரி வந்தால் அதற்கு மெட்டு வருவதில்லை.

பாட்டு என்பது இரண்டு வேலை. வரி ஒன்று, மெட்டு ஒன்று. தொடங்கும்போதே இரண்டையும் புதிதாகச் செய்யப் பார்ப்பதால்தான் பலர் முதல் வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். உங்களைப் பாடத் தூண்டிய கலைஞரிடமிருந்தே ஒரு பாதியை வாங்கிக்கொள்ளுங்கள், மறுபாதியை நீங்கள் செய்யுங்கள். பழகிய பிறகு வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழுப்பாட்டையும் சொந்தமாகச் செய்யலாம். இந்தக் கட்டுரை அதற்கான வழிதான்.

இது புதுசாக நான் கண்டுபிடித்த வழியும் இல்லை. புதுச்சேரியில் கனக சுப்புரத்தினம் என்ற இளைஞர் இருந்தார், பள்ளி ஆசிரியர். வேணு நாயக்கர் வீட்டுத் திருமணத்தில் பாரதியின் பாட்டு ஒன்றை உணர்ந்து பாடினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாரதியும் ஒருவர் என்பது பாடியவருக்கு அப்போது தெரியாது. அங்கே தொடங்கிய பழக்கத்தில், பின்னொரு நாள் நண்பர்கள் முன்னிலையில், நீ ஒரு பாட்டு எழுது என்று பாரதி சொல்ல, அங்கேயே எழுதிக் கொடுத்தார். தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்பு எழுதி, பாரதி அதைச் சுதேசமித்திரன் பத்திரிகைக்கு அனுப்பி வைத்தார். அந்த இளைஞர்தான் பாரதிதாசன். முதலில் அடுத்தவர் பாட்டை நன்றாகப் பாடினார், அப்புறம் தன் பாட்டை எழுதினார். இந்த வரிசை முக்கியம். பின்னாளில் அவரைத் தன் ஆசானாகக் கொண்டு பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் வந்தார். ஒருவர் இன்னொருவரைக் கிளப்பிவிடுவது இப்படித்தான் நடந்திருக்கிறது.

யாரைப் பிடித்துக்கொள்வது

ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பத்துப் பேரைப் பிடிக்கும் என்றாலும் இப்போதைக்கு ஒருவர் போதும். அவருடைய பாட்டில் எது முதலில் உங்களைத் தொடுகிறது என்று கவனியுங்கள். மெட்டா, சொல்லா, தாளமா? மெட்டு என்றால் எம்.எஸ்.விஸ்வநாதனோ இளையராஜாவோ உங்களுக்கு ஆசிரியர். சொல் என்றால் பாரதி, பட்டுக்கோட்டையார், கண்ணதாசன், நா.முத்துக்குமார். தாளமும் பேச்சு ஓட்டமும் என்றால் கானாப் பாடகர்கள், அறிவு போன்ற ராப் கலைஞர்கள். உங்களுக்குச் சுலபமாக வரப்போகும் பாதியும் பெரும்பாலும் அதுதான்.

அடுத்து, அவருடைய பாட்டில் ஒன்றை எடுத்து முழுசாகப் பிரித்துப் பாருங்கள். வரிகளைக் கையால் எழுதுங்கள். பல்லவி எத்தனை வரி, எந்த வரி திரும்ப வருகிறது, சரணம் எத்தனை, சரணத்தின் கடைசி வரி எப்படிப் பல்லவியில் போய்ச் சேருகிறது, குரல் எந்தச் சொல்லில் உச்சிக்குப் போகிறது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். இடையிசை எத்தனை நொடி என்றும் பாருங்கள். ரசிகராகக் கேட்கும்போது இதில் ஒன்றும் தெரிந்திருக்காது. எழுதிப் பார்த்தால், நமக்குப் பிடித்த பாட்டுகள் பலவற்றில் சொற்கள் எவ்வளவு குறைவு என்பதே முதல் ஆச்சரியமாக இருக்கும்.

முதல் வேலை: பழைய மெட்டு, புதிய வரி

வரியில் ஆர்வம் உள்ளவர்கள் இங்கே தொடங்குங்கள். பாரதியே இதைச் செய்திருக்கிறார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரப் பாட்டுகளின் மெட்டில் அரசியல் பாட்டு எழுதினார். எந்தப் பாட்டின் மெட்டு என்பதை மறைக்கவும் இல்லை, தலைப்புக்குக் கீழேயே குறிப்பிட்டார். வடலூர் வள்ளலாரின் ஒரு பாட்டைத் திரித்து அரசியல் தலைவர் கோக்கலேயைப் பற்றியும் பாடியிருக்கிறார். நந்தனாரும் வள்ளலாரும் நம் கடலூர் மாவட்டத்து மண்ணோடு சேர்ந்தவர்கள். சிதம்பரத்தையும் வடலூரையும் சுற்றி ஊரில் எல்லோர் வாயிலும் இருந்த மெட்டில் புது வரியைப் போட்டால், கேட்பவர் மெட்டைக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. வரி மட்டும் நேராகப் போய்ச் சேரும்.

பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், புதுக்காவியத்துக்கு என்னென்ன வேண்டும் என்று பாரதி சொன்னதைப் பாட்டு எழுதுகிறவர்கள் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். எளிய பதம், எளிய நடை, எளிதில் பிடிபடும் சந்தம் (ஓசை ஒழுங்கு), பொதுமக்கள் விரும்பும் மெட்டு. புதுச்சேரியில் இருந்தபோது 1912இல் வெளிவந்த நூல் அது. நான்கில் இரண்டு சொல்லைப் பற்றியவை, இரண்டு இசையைப் பற்றியவை.

வேலை இதுதான். நன்றாகத் தெரிந்த ஒரு மெட்டை எடுங்கள். நாட்டுப்பாட்டாகவோ பஜனைப் பாட்டாகவோ இருந்தால் நல்லது. வரியைத் தள்ளிவிட்டு, மெட்டை மட்டும் "தன்னானே", "தானனா" என்று பாடுங்கள். சினிமாவில் இதைத் தத்தகாரம் என்பார்கள். இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டைப் பாடிக் காட்ட, கவிஞர் அதற்குச் சொல் வைப்பார். விஸ்வநாதனும் கண்ணதாசனும் சேர்ந்து செய்த பாட்டுகள் பல இப்படிப் பிறந்தவைதான். அதற்கெல்லாம் முன்னால் 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இருக்கிறார். திருப்புகழை அச்சிடும்போது ஒவ்வொரு பாட்டின் தலையிலும் "தத்தத்தன தத்தத் தனதன" என்பது போன்ற சந்தக் குறிப்பைப் போடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு பாட்டை உரக்கப் படித்துப் பாருங்கள், சந்தப் பயிற்சிக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சந்தத்தில் சொல் உட்கார வேண்டும்

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மெட்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

தனன தானன தனன தானனா

தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று, தொலைவில் போகும் படகைப் பற்றி எழுத நினைக்கிறீர்கள். முதலில் இப்படித்தான் வரும்:

கடலின் மீது ஓர் படகு செல்கிறது

பொருள் சரி. பாடிப் பாருங்கள், இடறும். "தானன" என்று ஒரு நெடிலும் இரண்டு குறிலும் வரவேண்டிய இடத்தில் "மீது ஓர்" நிற்கிறது, நெடில் இரண்டு தரம் வந்து காலை வாருகிறது. கடைசியில் "தானனா" என்று நெடிலில் தொடங்கி நெடிலில் முடிய வேண்டும். "செல்கிறது" குறிலில் முடிவதால் இழுத்துப் பாட இடமே கிடைக்கவில்லை. இப்போது மாற்றுவோம்:

கடலு மேலொரு படகு போகுதே

கடலு என்பது தனன. மேலொரு என்பது தானன. படகு மறுபடி தனன. போகுதே, தானனா. ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. கடைசியில் இருக்கும் "தே"யை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். அடுத்த வரி:

கரையி லேயொரு மனசு காயுதே

இரண்டு வரியும் "க"வில் தொடங்குகின்றன, அது மோனை. இரண்டும் ஒரே ஓசையில் முடிகின்றன, அது இயைபு. இனி மெட்டு சற்று மாறி "தான தானனா தான தானனா" என்று ஏறுகிறது என்று வையுங்கள்:

பாதி ராவிலே வாடை வீசுமோ
மீதி ராவிலே வீடு சேருமோ

பாதி, மீதி என்று இரண்டாவது எழுத்து ஒத்து வருகிறதே, அது எதுகை. மூன்றுமே எல்லா வரியிலும் வேண்டும் என்பதில்லை. என்னைக் கேட்டால் இயைபுக்கு மட்டும் ஆசைப்பட்டு ஒவ்வொரு வரியையும் ஒரே ஓசையில் முடிப்பதைவிட, வரியின் தொடக்கத்தில் மோனையைக் கவனிப்பது தமிழ்க் காதுக்கு அதிக இன்பம் தரும். நம் பழமொழிகளையும் விடுகதைகளையும் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் மோனையிலும் எதுகையிலும்தான் நிற்கின்றன.

இன்னொரு விஷயம். மெட்டில் எந்த இடம் நீள்கிறதோ அங்கே நெடில் வர வேண்டும். குறிலை நீட்டினால் பொருளே மாறிவிடும். "மலை"யை நீட்டினால் "மாலை", "கல்"லை நீட்டினால் "கால்". பாடும்போது சொல் கெட்டுக் கேட்கிறதே என்று தோன்றினால், முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

சொற்கள் நீங்கள் வீட்டில் பேசும் சொற்களாக இருக்கட்டும். பாட்டு என்றதும் நிலவு, தென்றல், தேன் என்று தேடிப் போகத் தேவையில்லை. பட்டுக்கோட்டையார் 29 வயதில் மறைந்தவர். இத்தனை ஆண்டு கழித்தும் அவர் வரிகள் வாயில் நிற்பதற்குக் காரணம், அவை வயலிலும் டீக்கடையிலும் பேசப்படும் சொற்களாக இருப்பதுதான்.

இரண்டாவது வேலை: பழைய வரி, புதிய மெட்டு

மெட்டில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இது. இளையராஜா தன் அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு மெட்டமைத்தார். அதுதான் அவருடைய முதல் இசையமைப்பு என்று சொல்வார்கள். அன்னக்கிளி வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து, 1976இல். ஆக அவருக்கும் தொடக்கத்தில் வரி இன்னொருவருடையது.

நீங்கள் பாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1908 முதல் 1918 வரை பத்து ஆண்டு புதுச்சேரியில் இருந்தார். கண்ணன் பாட்டு, குயில் பாட்டு என்று அவருடைய பெரிய படைப்புகள் பல இங்கேதான் எழுதப்பட்டன. பல பாட்டுகளுக்கு ராகமும் தாளமும் அவரே குறித்து வைத்திருக்கிறார். 'சின்னஞ்சிறு கிளியே' பாட்டுக்குப் பைரவி ராகம், ரூபக தாளம் என்று எழுதிச் சுரக்குறிப்பும் கொடுத்திருக்கிறார். இன்று மேடைகளில் நாம் கேட்பது பல ராகங்களைக் கோத்த ராகமாலிகை. ஒரே வரி இரண்டு மெட்டில் வாழ முடியும் என்பதற்கு இதுவே சான்று. ஆகவே மூன்றாவது மெட்டு ஒன்றை நீங்கள் போடக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் பயிற்சிக்கு, இந்த மாதிரி எல்லோருக்கும் தெரிந்த பாட்டை எடுக்காதீர்கள். கேட்ட மெட்டு காதை விட்டுப் போகாது. தொகுப்பைப் புரட்டி, நீங்கள் இதுவரை யாரும் பாடிக் கேட்டிராத எட்டு வரி ஒன்றை எடுங்கள்.

முதலில் அதைப் பாடாதீர்கள், பேசுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல உரக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் குரல் தானாக உயர்கிறது, எங்கே தழைகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். மெட்டின் முதல் வரைபடம் அதுதான். கேள்வியாக முடியும் வரி மேலே தொங்கி நிற்கும், பதிலாக முடியும் வரி கீழே இறங்கி, அடிப்படைச் சுரமான 'ச'வில், அதாவது ஆதார சட்ஜத்தில் உட்காரும்.

அப்புறம் சுருதி, பாட்டுக்கு அடிப்படையாகப் பின்னால் ஒலிக்கும் சுரம். அதன் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். போனில் தம்புரா செயலி இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டரைக் கட்டைக்குள்ளும், பெண்களுக்கு ஐந்திலிருந்து ஆறரைக் கட்டைக்குள்ளும் குரல் ஒத்துவரும். உங்கள் கட்டையை முடிவு செய்யும் முன் மேல் சட்ஜத்தைத் தொட்டுப் பாருங்கள். பல்லவி சுகமாக இருக்கிறதே என்று ஒரு கட்டையைப் பிடித்துவிட்டால், சரணம் மேலே ஏறும்போது தொண்டை கிழியும்.

ராகம் தெரியாதே என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. யாரிடமாவது கீபோர்டு இருந்தால் வாங்கி, கருப்புக் கட்டைகளை (விசைகளை) மட்டும் வாசியுங்கள். அவை இரண்டாகவும் மூன்றாகவும் மாறி மாறி இருக்கும். மூன்று கட்டை உள்ள கூட்டத்தின் முதல் கட்டையை 'ச' என்று வைத்துக்கொண்டு கருப்பிலேயே வரிசையாக மேலே போனால் மோகனம். அதே கூட்டத்தின் இரண்டாவது கட்டையில் தொடங்கினால் மத்தியமாவதி, மூன்றாவதில் தொடங்கினால் இந்தோளம். இரண்டு கட்டை உள்ள கூட்டத்தின் முதலாவதில் தொடங்கினால் சுத்த சாவேரி, இரண்டாவதில் தொடங்கினால் சுத்த தன்யாசி. ஐந்தே கட்டைகளுக்குள் ஐந்து ராகம்! ஒரு நிபந்தனை, எந்தக் கட்டையில் தொடங்கினீர்களோ அதன் சுருதி பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது இல்லையென்றால் காது நழுவி வேறு ராகத்துக்குள் போய்விடும். இந்த ஐந்து சுரத்துக்குள் விரலை எங்கே வைத்தாலும் பெரிதாக அபசுரம் தட்டாது என்பதால், மெட்டுப் போடத் தொடங்குகிறவர்களுக்குத் துணிச்சல் வரும். கமகமும் (சுரத்தை அசைத்துப் பாடுவது) சஞ்சாரமும் (ராகம் நடந்து போகும் வழி) குருவிடம்தான் கற்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது வரும்வரை மெட்டுப் போடாமல் காத்திருக்க வேண்டியதில்லை.

கிட்டார் வைத்திருப்பவர்கள் சி, ஜி, ஏ மைனர், எஃப் என்ற நான்கு கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) சுற்றிச் சுற்றி வாசித்தபடி வரியைப் பாடிப் பார்க்கலாம். சீக்கிரம் பலன் தரும் வழி இது. கார்டு மாறும் இடமும் சொல் அழுந்தும் இடமும் ஒன்றாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தோன்றிய ஒவ்வொரு மெட்டையும் போனில் பதிவு செய்யுங்கள். ஒரே வரிக்கு இரண்டு மூன்று மெட்டு இருக்கட்டும். மறுநாள் காலையில் பதிவைக் கேட்காமல், எது தானாக வாயில் வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வராதது எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், கேட்கிறவர்களுக்கும் அது நினைவில் நிற்காது.

ஊரில் கேட்க வேண்டியவை

தூண்டும் கலைஞர் பெரிய மேடைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அறிவு தன் பாட்டியின் வாழ்க்கையையும் வாய்மொழியையும் எடுத்துச் செய்த பாட்டு 2021இல் உலகமெல்லாம் போனது. உங்கள் வீட்டிலும் தாலாட்டு தெரிந்த ஒரு ஆயா இருப்பார். நடவுப் பாட்டு தெரிந்த அத்தை இருப்பார். ஒப்பாரியில் சொல் எப்படி நொடியில் புதிதாகப் பிறக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? இறந்தவரின் பெயர், தொழில், பிள்ளைகள் எல்லாம் பழைய மெட்டுக்குள் அந்த இடத்திலேயே வந்து விழும். நான் மேலே சொன்ன முதல் வேலையை எழுத்தே தெரியாத பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள்.

கடற்கரை ஊர்களில் அம்பாப் பாட்டு கேளுங்கள். கரைவலை இழுக்கும்போது ஒருவர் வரி எடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று பதில் கொடுப்பார்கள். இழுப்புக்கு ஒரு அழுத்தம், விடுப்புக்கு ஒரு மூச்சு, தாளம் உடம்பிலிருந்தே வருகிறது. விசைப்படகும் ஃபைபர் படகும் வந்தபின் இது அருகிவிட்டது, வயதானவர்களைத்தான் தேடிப் போக வேண்டும். போகும்போது மரியாதை முக்கியம். பதிவு செய்யலாமா என்று முதலில் கேளுங்கள். அந்த மெட்டில் நீங்கள் பாட்டு செய்தால், யாரிடம், எந்த ஊரில் கேட்டது என்று பாட்டோடு சேர்த்துச் சொல்லுங்கள். கொடுத்தவர் பெயர் இல்லாமல் நாட்டுப்புற மெட்டை எடுத்துக்கொள்வது எனக்கு ஒப்பவே ஒப்பாது.

திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலும் திருவதிகையும் அப்பர் பதிகம் பாடிய தலங்கள். ஓதுவார் பாடும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போய், கண்ணை மூடிக் கேளுங்கள். நான்கே வரி உள்ள பாட்டு எப்படி முழுசாக நிறைகிறது என்பது தெரியும். வடலூரில் தைப்பூசத்தன்று கூட்டம் கூட்டமாக அருட்பா பாடுவார்கள். கூட்டத்தோடு சேர்ந்து பாட வைப்பதற்கு வள்ளலாரின் கண்ணிகள் நல்ல பாடம். இரண்டிரண்டு வரி, எளிய சொல், திரும்பத் திரும்ப வரும் முடிவு.

முறையாகக் கற்க விரும்பினால் கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை இருக்கிறது, 1929இல் தொடங்கிய இசைக்கல்லூரியின் வழி வந்தது. புதுச்சேரியில் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடும் நினைவு இல்லங்களாக உள்ளன. ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.

மூன்றாவது வேலை: இரண்டும் சொந்தம்

முதல் வேலையில் நீங்கள் எழுதிய வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிய மெட்டைக் கழற்றிவிட்டு, இரண்டாவது வேலையில் செய்தது போல அதற்குப் புது மெட்டுப் போடுங்கள். உங்கள் முதல் முழுப்பாட்டு அதுதான். தலைகீழாகவும் செய்யலாம். பாரதியின் வரிக்கு நீங்கள் போட்ட மெட்டை வைத்துக்கொண்டு, வரியை மட்டும் உங்களுடையதாக மாற்றலாம். பழைய பாதி போன பிறகு பாட்டு நொண்டும். நொண்டும் இடத்தைத் தட்டிச் சரிசெய்வதில்தான் உண்மையான கற்றல் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு சொல் மாறினால் போதும்.

எதைப் பற்றி எழுதுவது? காதல்தான் எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலம், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் கைகள், நெய்வேலியில் வேலைக்காக நிலத்தைக் கொடுத்த குடும்பம், 2004 சுனாமியில் போனவர்கள், 2011 டிசம்பர் 30இல் தானே புயல் சாய்த்துப் போட்ட பலாமரம். உங்களுக்கு நேரில் தெரிந்தது எதுவோ அதை எடுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு விஷயம். பல்லவியில் அதைச் சொல்லிவிடுங்கள். முதல் சரணம் ஒரு காட்சி, இரண்டாவது சரணத்தில் காலமோ ஆளோ மாறட்டும். நா.முத்துக்குமாரிடம் கற்க வேண்டியது இதுதான், உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளைச் சொல்வார். "துக்கமாக இருக்கிறது" என்று எழுதத் தோன்றும் இடத்தில், துக்கமாக இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று எழுதுங்கள்.

மொத்தம் மூன்றரை நிமிடம் போதும். இரண்டு சரணத்துக்கு மேல் வேண்டாம்.

பாடிக் காட்டுவதும் பதிவு செய்வதும்

முதலில் வாத்தியம் எதுவும் இல்லாமல், நேரில், ஒருவரிடம் பாடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "எந்த வரி ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். ஒன்றும் நினைவில்லை என்றால் பல்லவியைத் திருத்த வேண்டும். பாட்டைக் கேட்டதும் அவர் தன் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கினால், பாட்டு வேலை செய்கிறது.

பொது இடத்தில் பாடிப் பழக, ஜூன் 21 நல்ல நாள். 1982இல் பிரான்சில் தொடங்கிய இசைத் திருவிழா புதுச்சேரியிலும் கொண்டாடப்படுகிறது. தொழில்முறையில் இல்லாதவர்களும் பாட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலையும் இருக்கவே இருக்கிறது. நான்கு நண்பர்களும் ஒரு கிட்டாரும் போதும்.

பதிவுக்கு மைக் வாங்க ஓடாதீர்கள், முதல் பாட்டுகளுக்குப் போனே போதும். துணி அடுக்கிய பீரோவும் மெத்தையும் இருக்கும் அறை எதிரொலியைக் குறைக்கும். மின்விசிறியை அணையுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாய்க்கு ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் வையுங்கள். அப்போது 'ப' வரும் இடத்தில் காற்று மோதாது. போனில் பேண்ட்லேப், கணினியில் ஆடாசிட்டி, இரண்டும் இலவசம். தாளத்தைக் காதுக்குள் கேட்டுக்கொண்டு பாட ஹெட்போன் வேண்டும், வெளியில் ஒலித்தால் அதுவும் பதிவாகிவிடும். கார்டையோ சுருதியையோ முதலில் பதிந்துவிட்டு, அதன்மேல் குரலை இரண்டு தடவை முழுசாகப் பாடுங்கள். வரி வரியாக வெட்டி ஒட்டிய குரலைவிட, ஒரே மூச்சில் பாடிய குரலில் உயிர் இருக்கும்.

இணையத்தில் ஏற்றும் முன் உரிமையைப் பற்றி இரண்டு வார்த்தை. சினிமா மெட்டில் நீங்கள் எழுதிய வரி வீட்டுப் பயிற்சிக்கு மட்டும் இருக்கட்டும், அனுமதி இல்லாமல் வெளியிட முடியாது. நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981, ஆகவே அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை இருக்கிறது. பாரதியின் எழுத்துரிமையை அரசு 1949இல் வாங்கி, பின்னர் பொதுவுடைமை ஆக்கிவிட்டதால் அவர் வரிகளை யாரும் எடுக்கலாம். அந்த வரிகளுக்கு வேறொருவர் பின்னால் போட்ட மெட்டு தனி, அதற்கு உரிமை இருக்கலாம். உங்கள் பாட்டுக்கு, அதை எழுதிப் பதிந்த கணமே காப்புரிமை வந்துவிடும், பதிவு அலுவலகத்துக்குப் போவது கட்டாயமில்லை. ஆனாலும் கையெழுத்துப் பிரதியையும், போனில் பதிந்த முதல் மெட்டையும் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள். நண்பர் மெட்டுப் போட, நீங்கள் வரி எழுதியிருந்தால், யாருடைய பெயர் எதற்குக் கீழே வரும் என்பதை ஏற்றுவதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.